ஹைவேயில் குளிர், காந்தி ரோட்டில் வேர்வை

போன வருஷம் கத்திரி வெயிலில் அக்கா மகளுக்கு முகூர்த்தச் சேலை எடுக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து அக்கா, மாமா, கல்யாணப் பெண், கூடவே "கலர் நான்தான் பார்ப்பேன்" என்று சின்னம்மா. நான் காஞ்சிபுரத்துக்காரன் என்பதால் அழைத்துவரும் பொறுப்பு என் தலையில். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டும்வரை காருக்குள் ஊட்டிதான். பின்சீட்டில் சின்னம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைப்பா, காது அடைக்குது" என்றார். பொன்னேரிக்கரையில் ஊருக்குள் திரும்பினோம். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசல்களில் நிற்கிற வேன்கள், நடுவில் புகுந்துவிட்ட டவுன் பஸ், அதற்கு முன்னால் ஒரு மாடு. கால் மணி நேரம் நகரவில்லை. அதே சின்னம்மா, அதே முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் ஏசி இப்படிக் காலை வாரியது இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் ஒர்க் ஷாப்பில் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "கேஸ் இல்ல சார், ஏத்திடலாம்." ஏற்றினார்கள். அங்கே நிற்கும்போது ஜில்லென்று வரும். பணத்தைக் கொடுத்துவிட்டு ஹைவேயில் ஒரு சுற்று சுற்றினாலும் ஜில்லென்றுதான் இருக்கும். ஊருக்குள் வந்தால் பழைய குருடி, கதவைத் திறடி. மூன்றாவது தடவையும் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த 'கேஸ்' என்ற சொல்லைப் பற்றியது. நம் ஊரில் ஏசி குளிரவில்லை என்றால் கார்காரர் சொல்வதும் அதுதான், மெக்கானிக் சொல்வதும் அதுதான். பெட்ரோல் தீர்வது மாதிரி கேஸும் தீரும் என்று நமக்கு மனதில் பதிந்துவிட்டது. காரின் ஏசியில் கேஸ் எரிவதில்லை, கரைவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய காரில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிகக் கொஞ்சமாகக் கசியும், உண்மைதான். ஆனால் ஒரே கோடையில் மூன்று தடவை தீர்ந்தது என்றால், ஒன்று, எங்கோ ஓட்டை இருக்கிறது. இல்லையென்றால் கேஸ் தீரவே இல்லை. என் காரில் நடந்தது இரண்டாவது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு சொல்லாமல் விட்டால் பாவம். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரே நூலிலிருந்து பிறந்தது. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத்தான் முதல் இயந்திரத்தை வடிவமைத்தார். ஈரக் காற்றில் காகிதம் விரிந்து, கலர் மேல் கலர் சரியாக உட்காராமல் போனதுதான் அங்கே பிரச்சினை. நான்கு வருஷம் கழித்து, 1906இல், அமெரிக்காவின் வட கரோலினாவில் நூற்பாலைகளுக்கு வேலை செய்த ஸ்டூவர்ட் கிரேமர் என்ற இன்ஜினியர் அந்தப் பெயரை வைத்தார். நூலுக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்துப் பதப்படுத்துவதை மில்காரர்கள் 'கண்டிஷனிங்' என்றுதான் சொல்வார்கள். நூலோடு காற்றையும் பதப்படுத்தினால் 'ஏர் கண்டிஷனிங்'. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்று காய்ந்தால் இழை என்ன பாடுபடுத்தும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும்.

காருக்குள் இது வந்து சேர்ந்தது 1940ஆம் வருஷ மாடலில், பேக்கார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் காரில். டிக்கியில் பாதி இடத்தை ஏசியே பிடித்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்து, இறங்கி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்றைக்கு நாம் ஒரு பட்டனைத் தொடும்போது கேட்கிற 'டக்' என்ற சின்னச் சத்தத்துக்குப் பின்னால் இருப்பது அந்தப் பெல்ட்டைக் கழற்றும் அவஸ்தைக்குக் கண்டுபிடித்த மாற்று: மேக்னடிக் கிளட்ச்.

பானைத் தண்ணீரும் அதே கணக்குதான்

ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, மண்பானையில் தண்ணீர் குளிர்கிறதே, காரின் ஏசியும் அதே வேலையைத்தான் செய்கிறது. திரவம் ஆவியாகும்போது சுற்றிலும் இருக்கிற சூட்டை எடுத்துக்கொள்ளும். பானைத் தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடும். காரில் அந்த ஆவியைப் பிடித்து மறுபடி திரவமாக்கித் திரும்ப அனுப்புகிறார்கள். நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற எவாப்பரேட்டரில் அது கொதித்து, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சும். கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து நசுக்கும். நசுக்கினால் சூடேறும். சூடேறிய கேஸ் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்ஸருக்குப் போய், உள்ளே எடுத்த சூட்டை வெளியே கொட்டிவிட்டுத் திரவமாகும். மறுபடி உள்ளே.

ஆக, காரின் ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம் அடைத்துக்கொண்டால் அள்ளுகிற வேலையும் நின்றுவிடும். ஹைவேயில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே கண்டென்ஸரைக் குளிர்வித்துவிடுகிறது. காந்தி ரோட்டில் எதிர்க்காற்றுக்கு எங்கே போவது? அங்கே ஒரே துணை, கண்டென்ஸருக்குப் பக்கத்தில் சுற்றுகிற மின்விசிறி. அது நின்றுபோனால் குழாயில் அழுத்தம் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டியதும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். நாம் சூடான காற்றை வாங்கிக்கொண்டு "கேஸ் போச்சு" என்போம்.

சென்னை–காஞ்சிபுரம் சாலையே காசு வாங்காத டெஸ்ட் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. ஓடும்போது குளிர்ந்து நின்றால் சுடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விசிறியையும் கண்டென்ஸரையும். ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி சுடுகிறது என்றால் கேஸ், கம்ப்ரஸர், அல்லது ஹீட்டர் பக்கம் மாட்டிக்கொண்ட ஃபிளாப். முதலில் நன்றாகக் குளிர்ந்து, ஒரு மணி நேரம் கழித்துக் காற்றே வராமல் போய், அணைத்துவைத்துப் போட்டால் மறுபடி வருகிறது என்றால் எவாப்பரேட்டரில் ஐஸ் கட்டியிருக்கும். ஒர்க் ஷாப்பில் "ஏசி கூல் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், எப்போது ஆகிறது, எப்போது ஆகவில்லை என்று இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு மக் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் வேப்பமர நிழல். கையில் இருந்த சாமான்: சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று, டார்ச், பழைய பெயின்ட் பிரஷ், பிளாஸ்டிக் மக், பக்கெட் தண்ணீர்.

முதலில் கேபின் ஃபில்டர். பெரும்பாலான சின்னக் கார்களில் கிளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே இறக்கினால் பின்னால் ஒரு மூடி. அதைத் திறந்தால் ஃபில்டர் உருவி வரும். ஸ்பேனர் தேவையில்லை. என் ஃபில்டரைப் பார்த்ததும் எனக்கே அருவருப்பாகிவிட்டது. வேப்பம்பூ, சாம்பல் நிறத்தில் மெத்தை போலத் தூசி, ஒரு மூலையில் எலி கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நார். வாலாஜாபாத் ரோட்டில் கல்குவாரி லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடுகிற வண்டிக்கு ஃபில்டர் கம்பெனி சொல்கிற காலக்கெடுவரை தாங்காது. காற்று குளிர்ச்சியாகத்தான் வருகிறது, ஆனால் வேகமே இல்லை என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். தட்டிப் போட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், புதிது போடுங்கள். எலிக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. புகையிலை வைத்துப் பார்த்தேன், புகையிலைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருந்தது.

ஃபில்டர் மாற்றியதும் காற்று பலமாக வந்தது. குளிர் வரவில்லை. தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி, உள்காற்று சுழலும் பட்டனை அழுத்தி, பத்து நிமிடம் நிற்கவைத்தேன். 21 டிகிரி. வெளியே 37. நல்ல ஏசியாக இருந்தால் இந்த வெயிலில் 8 முதல் 12 வரை வர வேண்டும். நின்றுகொண்டே இருக்கும்போது ஒன்றிரண்டு கூடலாம்.

அடுத்தது கிளட்ச். கோர்வைச் சேலை நெய்யத் தறிக்குப் பக்கத்தில் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும் அல்லவா, இந்தச் சோதனைக்கும் அப்படித்தான். மகனை உள்ளே உட்கார வைத்து "போடு, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே பானெட்டுக்குள் காதைக் கொடுத்தேன். 'டக்' கேட்டது, கம்ப்ரஸரின் முன்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்றியது. அப்படியானால் கரண்ட் வருகிறது, கம்ப்ரஸர் வேலை செய்கிறது, முக்கியமாக, கேஸும் இருக்கிறது. ஏனென்றால் கேஸ் அடியோடு இறங்கிவிட்டால் பிரஷர் ஸ்விட்ச் கிளட்ச்சைச் சேரவே விடாது. (சில புதுக் கார்களில் கிளட்ச்சே இல்லாத கம்ப்ரஸர் வருகிறது. அதில் 'டக்' கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.) கம்ப்ரஸருக்குத் திரும்புகிற தடித்த குழாயை விரலால் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெலிந்த குழாயைத் தொடாதீர்கள், கை பொசுங்கும்.

அப்போதுதான் கவனித்தேன். ஏசி ஓடுகிறது, கம்ப்ரஸர் சுற்றுகிறது, கண்டென்ஸர் விசிறி அசையவே இல்லை. என் காரில் விசிறி இரண்டு: ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டென்ஸருக்கு ஒன்று. ரேடியேட்டர் விசிறி ஒழுங்காக இருந்ததால் டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை, எனக்கும் சந்தேகம் வரவில்லை.

உறுதிப்படுத்த ஒரு பழைய மெக்கானிக் வித்தை உண்டு. முன் கிரில் வழியாக, கண்டென்ஸர் மேல் மட்டும் படும்படி, ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். இன்னும் இரண்டு மக். மகன் உள்ளேயிருந்து கத்தினான்: "பதினெட்டு... பதினஞ்சு... பன்னெண்டுப்பா!" மூன்று முறை கேஸ் ஏற்றியும் ஊருக்குள் வராத குளிர், மூன்று மக் தண்ணீரில் வந்தது. கொட்டுகிற இடத்தில் சூடு தேங்கி நின்றது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இன்ஜினை அணைத்து ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. விசிறியின் ரிலேயை எடுத்துவிட்டு, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகினேன். இன்ஜினைப் போட்டு ஏசி பட்டனை அழுத்தியதும் விசிறி 'உஸ்' என்று கிளம்பியது. இப்போது குளிர் இருக்கிறது, ஹாரன் இல்லை. ஹாரன் இல்லாமல் காஞ்சிபுரத்தில் கார் ஓட்டுவது ஆகிற காரியமா? டூவீலரில் போய்ப் புது ரிலே வாங்கி வந்தேன். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கையோடு கண்டென்ஸரையும் கழுவினேன். தும்பி, ஈசல், புழுதி எல்லாம் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. பிரஷ்ஷால் இதமாக, ஹோஸில் தண்ணீரை மெதுவாக விட்டுத்தான் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ்காரரின் பிரஷர் பம்பைக் காட்டினால் காகிதம் போன்ற அந்த அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்றுப் போகும் வழியே அடைபட்டுவிடும். விசிறிப் பக்கம் கை வைக்கும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், அது எப்போது வேண்டுமானாலும் கிளம்பும்.

அப்படியானால் ஒர்க் ஷாப்பில் மட்டும் எப்படிக் குளிர்ந்தது? இரவு படுத்த பிறகுதான் பதில் கிடைத்தது. கேஸ் ஏற்றும்போதெல்லாம் அவர்கள் காருக்கு முன்னால், ஆளுயர ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து ஓடவிட்டிருந்தார்கள். கேஸ் ஏற்றுகிற எல்லா இடத்திலும் வழக்கம்தான் அது. என் கார் விசிறி செய்யாத வேலையை அவர்கள் ஃபேன் செய்துகொண்டிருந்தது. மூன்று முறையும் பக்கத்தில் நின்று அதே காற்றை நானும் சுகமாக வாங்கியிருக்கிறேன்.

எதில் கை வைக்கக் கூடாது

வீட்டில் பார்க்கக் கூடியதெல்லாம் குழாய்க்கு வெளியே இருப்பது. குழாய்க்குள் இருப்பதைத் தொடக் கூடாது. 35 டிகிரி வெயிலில் சும்மா நிற்கிற காரின் குழாய்க்குள்ளேயே 110 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஓடும்போது ஒரு பக்கம் 200ஐத் தாண்டும். டயரில் நாம் அடிப்பது முப்பது சொச்சம். நட்டைத் தளர்த்தினால் பீறிட்டு வரும் கேஸ் கண்ணில் பட்டால் கண் போகும், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். ஆன்லைனில் கேன் கேனாக வருகிறதே, நாமே ஏற்றிக்கொண்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு ஏற்றுவீர்கள்? சின்னக் காருக்கு மொத்தமே அரைக் கிலோவுக்கு முன்பின்தான். சரியான கிராம் கணக்கு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். குறைந்தாலும் குளிராது, கூடினாலும் குளிராது. என் காரில் கூடிப்போயிருந்தது. வேறொரு இடத்தில் எல்லாவற்றையும் மெஷினில் இழுத்து, அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, எடை பார்த்து ஏற்றிய பிறகுதான் நின்ற இடத்தில் 10 டிகிரி வந்தது. கேஸ் ஏற்றப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: "வேக்யூம் போடுவீங்களா? எத்தனை கிராம் ஏத்துவீங்க?" பதிலுக்கு மீட்டர் முள்ளைக் காட்டி "ஃபுல் பண்ணிடலாம் சார்" என்றால் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம்.

விலை மலிவு என்று எரிகிற கேஸ் கலவையை ஏற்றுகிறவர்களும் உண்டு. சமையல் கேஸின் உறவு அது. எவாப்பரேட்டர் இருப்பது டேஷ்போர்டுக்குள், உங்கள் முழங்காலுக்கு முன்னால். கசிந்தால் எங்கே வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரஸரே உயர் வோல்டேஜில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் பானெட்டை மூடிவிடுங்கள்.

உண்மையிலேயே கசிவு என்றால் அதுவும் கண்ணுக்குத் தெரியும். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசிகிற இடத்தில் பிசுபிசுப்பும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். குழாய் இணைப்புகள், கண்டென்ஸரின் ஓரங்கள், கேஸ் ஏற்றும் வால்வ் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் சின்னப் பிளாஸ்டிக் மூடி காணாமல் போயிருந்தால் அதுகூடக் காரணமாகலாம். ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் பணத்தோடு ஊருக்கும் நஷ்டம்: ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல எடைக்கு எடை சுமார் 1,400 மடங்கு. ஓசோனைக் கிழித்த பழைய ஆர்-12ஐ 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கை ஒழித்துக்கட்டியது. அதன் இடத்துக்கு வந்த இந்த வகைக் கேஸ்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் முடிவாகி, 2021இல் இந்தியாவும் சேர்ந்தது. நம் நாட்டில் குறைப்பு தொடங்குவது 2032இலிருந்து. அதுவரை ஒர்க் ஷாப் வாசலில் 'புஸ்' என்று திறந்துவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

காஞ்சிபுரத்தில் இன்னொரு காட்சி, பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. குடும்பம் சேலைக்கடைக்குள் போனால் மூன்று மணி நேரம். வரதராஜப் பெருமாள் வைகாசிக் கருடசேவை என்றால் கேட்கவே வேண்டாம். டிரைவர் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். சைலன்ஸர் புகையில் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டிலோ சுவரை ஒட்டியோ வண்டி நின்றால், புகைக்குழாயில் ஓட்டை இருந்தால், அது உள்ளே ஏறும், தூங்குகிறவர் விழிப்பதில்லை. உங்கள் டிரைவரைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பட்டுக்கடைகளில் ஏசி நன்றாகவே குளிரும்.

சில்லறைச் சமாசாரங்கள் சிலவும் உண்டு. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு மூடினால் ஏசிக்குச் சுமை குறையும். ஈரச் சாக்ஸ் நாற்றம் வந்தால் எவாப்பரேட்டரில் பூசணம். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் ஈரம் காயும். மார்கழியிலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள், எண்ணெய் சுற்றினால்தான் சீல் காயாது. பக்கத்து சீட்டுக் கால்மிதியில் தண்ணீர் தேங்கினால் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் காருக்கு அடியில், ரோட்டில்தான் சொட்ட வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இலிருந்து ஹூண்டாய் கார்கள் இறங்குகின்றன; ஒரகடத்தில் 2010இலிருந்து ரெனோ–நிஸான். காரைப் பூட்டுகிற ஊர் நாங்கள். பானெட்டைத் திறந்து பார்க்கத்தான் எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

கல்யாணம் முடிந்து மறுமாதம், ஜாக்கெட் துணி மேட்ச் ஆகவில்லை என்று சின்னம்மா மறுபடி வந்தார். காந்தி ரோட்டில் அதே இடத்தில் நின்றோம். தெர்மாமீட்டர் 11 காட்டியது. சின்னம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்தார். பூக்கூடையோடு போன ஓர் அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

"வண்டிக்கு அடியில தண்ணி ஒழுகுது தம்பி, பாத்துக்க."

"ஒழுகட்டும்மா," என்றேன்.